சக்கர நட்டும் இரண்டு சொட்டு எண்ணெயும்

மறையூர் ஒரு மலை ஊர். இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. சந்தன மரத்துக்கும் கரும்புக்கும் பெயர் பெற்றது. இங்கே காய்ச்சும் உருண்டை வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலுள்ள காந்தளூரில் காய்கறியும் பழமும் விளைகின்றன.

இவை எல்லாம் லாரியில்தான் வெளியூர் போகின்றன. ஒரு பக்கம் மூணாறு. மறு பக்கம் சின்னாறு காடு. காட்டைத் தாண்டினால் உடுமலைப்பேட்டை. இரண்டு பக்கமும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

இந்தச் சாலையில் பாரம் ஏற்றிய லாரியின் சக்கரம் ஒன்று கழன்றால் என்ன ஆகும்? லாரி சாயும். கழன்ற சக்கரம் தானாக உருண்டு ஓடும். லாரிச் சக்கரம் டயரோடு சேர்ந்து ஓர் ஆளின் எடையைவிடக் கனமானது. எதிரே வருபவர் தப்புவது அரிது.

சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பவை சில நட்டுகள். அவற்றைச் சரியாக முடுக்குவது எப்படி? மரைக்கு எண்ணெய் போடலாமா, கூடாதா? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நட்டு என்ன வேலை செய்கிறது?

லாரியின் அச்சு முனையில் ஹப் இருக்கிறது. ஹப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிகளுக்கு ஸ்டட் என்று பெயர். பல கனரக லாரிகளில் ஒரு சக்கரத்துக்குப் பத்து ஸ்டட் உண்டு. சிலவற்றில் எட்டு உண்டு. சக்கரத்தை ஸ்டட்டில் மாட்டி, மேலே நட்டைப் போட்டு முடுக்குகிறோம்.

நட்டை முடுக்கும்போது ஸ்டட் மிகக் கொஞ்சம் நீளுகிறது. கண்ணுக்குத் தெரியாத நீளம் அது. நீண்ட ஸ்டட் ரப்பர் போலப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் சக்கரத்தை நகராமல் வைக்கிறது.

கரும்புக் கட்டை நினைத்துப் பாருங்கள். கயிறு தளர்ந்தால் கரும்பு சரியும். அளவுக்கு மீறி இழுத்தால் கயிறு அறும். ஸ்டட்டும் அப்படித்தான்.

நட்டு தளர்வாக இருந்தால் சக்கரம் சிறிது சிறிதாக ஆடும். ஓட்டை நீள்வட்டமாகத் தேயும். மற்ற நட்டுகளும் தளரும். அளவுக்கு மேல் முடுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். பிறகு அதற்குத் திரும்பி இழுக்கும் சக்தி இல்லை. மரை உரியும். ஒரு நாள் ஸ்டட் ஒடியும்.

ஆகவே, "எவ்வளவு முடுக்குகிறோமோ அவ்வளவு நல்லது" என்பது தவறு. சரியான அளவே நல்லது.

அளவு என்பது எது?

முடுக்கும் விசைக்கு ஓர் அளவு உண்டு. அதைக் கிலோகிராம் மீட்டர் என்று சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 60 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது 60 கிலோகிராம் மீட்டர். நியூட்டன் மீட்டர் என்றும் ஓர் அளவு உண்டு. 60 கிலோகிராம் மீட்டர் என்பது சுமார் 590 நியூட்டன் மீட்டர்.

22 மில்லிமீட்டர் ஸ்டட் உள்ள பல கனரக வண்டிகளுக்கு ஏறத்தாழ 60 முதல் 70 கிலோகிராம் மீட்டர் வரை தேவைப்படும். ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு இல்லை. உங்கள் வண்டியின் அளவு வண்டியோடு வந்த கையேட்டில் அச்சிட்டிருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். அந்த எண்ணை வண்டிக்குள் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இந்த அளவைக் காட்டும் கருவிக்கு டார்க் ரெஞ்ச் என்று பெயர். அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் கொடுக்கும் வகையும் உண்டு, முள் காட்டும் வகையும் உண்டு.

பஞ்சர் கடைகளில் காற்றில் ஓடும் துப்பாக்கியால் நட்டை முடுக்குவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எவ்வளவு முடுக்கியது என்று தெரியாது. ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகி அதன் மேல் ஏறிக் குதிப்பதும் அப்படித்தான். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால்தான் இருக்க வேண்டும்.

எண்ணெய் போட்டால் என்ன ஆகும்?

ஒரு டிரைவரும் கிளீனரும் பேசிக்கொள்வதைக் கேட்போம்.

"அண்ணே, நட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. நிறைய கிரீஸ் தடவட்டுமா? அடுத்த தடவை சுலபமா கழட்டலாம்."

"வேண்டாம் தம்பி. கிரீஸ் தடவினா கழட்டுறது மட்டுமா சுலபம்? முடுக்குறதும் சுலபமாயிரும்."

"அது நல்லதுதானே அண்ணே?"

"கை அதே பலத்துல இழுக்கும். ஆனா ஸ்டட் ரெண்டு பங்கு நீண்டுரும். ஒடிஞ்சா யாருக்கு நல்லது?"

டிரைவர் சொன்னது சரி. ஏன் என்று பார்ப்போம்.

நட்டை முடுக்க நாம் போடும் பலத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 50 பங்கு நட்டின் அடிப்பக்கம் உரசுவதில் போகிறது. ஏறத்தாழ 40 பங்கு மரை உரசுவதில் போகிறது. மீதி 10 பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது.

வழுக்கும் பொருளைத் தடவினால் உரசல் குறையும். உரசலுக்குப் போகும் பங்கு 90இலிருந்து 80 ஆகக் குறைந்தால், ஸ்டட்டுக்கு 20 பங்கு கிடைக்கும். டார்க் ரெஞ்ச் காட்டும் எண் ஒன்றுதான். ஆனால் ஸ்டட்டின் மேல் விழும் இழுப்பு இரண்டு மடங்கு!

துருவும் மண்ணும் இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பலம் எல்லாம் உரசலில் போய்விடும். ரெஞ்ச் "டக்" என்று சொல்லும். ஆனால் சக்கரம் இறுகியிருக்காது.

ஆகவே கையேடு சொல்வதைச் செய்ய வேண்டும். பொதுவாக இரண்டு வகை உண்டு.

முதல் வகை: சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்பின் மேல் அமர்ந்து உட்காரும். நட்டு தட்டையாக இருக்கும். நட்டோடு இணைந்து, ஆனால் தனியாகச் சுழலும் வாஷர் இருக்கும். இதில் ஸ்டட்டின் முனை மரையில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடலாம். நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே இரண்டு சொட்டு விடலாம். அவ்வளவு போதும்.

இரண்டாம் வகை: நட்டின் அடிப்பக்கம் கூம்பாகவோ உருண்டையாகவோ இருக்கும். சக்கர ஓட்டையின் குழிவில் அது போய் உட்காரும். இந்த வகையில் பொதுவாக எண்ணெய் போடக் கூடாது. சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்.

எந்த வகையானாலும் சக்கரமும் ஹப்பும் ஒட்டும் இடத்தில் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது. அங்கே தடிப்பாகப் பெயிண்டும் அடிக்கக் கூடாது. வண்டி ஓடும்போது பெயிண்ட் நசுங்கும். நசுங்கினால் நட்டு தளரும்.

சக்கரம் மாட்டும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

2. ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்துங்கள். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர் மரை இருக்கும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று முதலில் பாருங்கள்.

3. ஸ்டட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் முகத்தையும் துடையுங்கள். பின்பக்க இரட்டைச் சக்கரத்தின் நடுவே மண்ணும் கல்லும் இருக்கக் கூடாது.

4. நட்டைக் கையால் திருகுங்கள். கையால் ஓடாத நட்டின் மரை கெட்டிருக்கும். அந்த நட்டையோ ஸ்டட்டையோ மாற்றுங்கள்.

5. ஒரு நட்டை முடுக்கிய பின் பக்கத்து நட்டுக்குப் போகாதீர்கள். நேர் எதிரே உள்ள நட்டுக்குப் போங்கள். குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினால் சக்கரம் சாயாமல் உட்காரும்.

6. ஒரே தடவையில் முழு அளவுக்கு முடுக்காதீர்கள். முதல் சுற்றில் கொஞ்சம், இரண்டாம் சுற்றில் இன்னும் கொஞ்சம். பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்குங்கள். டார்க் ரெஞ்சால் முழு அளவுக்கு முடுக்குங்கள்.

7. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் அளவு பாருங்கள். இதை மறக்கவே கூடாது.

ஏழாவது படி ஏன்? புதிதாக மாட்டிய சக்கரம் ஓட ஓட நன்றாகப் படியும். படியும்போது நட்டின் பிடி சிறிது குறையும். மறுபடி முடுக்கினால் பிடி திரும்ப வரும்.

மறையூரில் சக்கரம் மாற்றினீர்களா? கிளம்பும் முன் ஒரு தடவை எல்லா நட்டையும் பாருங்கள். சின்னாறு காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. அது யானை நடமாடும் இடம். உடுமலைப்பேட்டை சேர்ந்ததும் நிறுத்துங்கள். மலை இறக்கத்தில் பிரேக் போட்டுப் போட்டு டிரம் சூடாகியிருக்கும். சூடு ஆறிய பிறகு நட்டைப் பாருங்கள். சூட்டில் முடுக்கினால் அளவு சரியாக வராது. திரும்பி வரும் முன் இன்னொரு தடவை பாருங்கள்.

சக்கரம் தரும் எச்சரிக்கை

சக்கரம் திடீரென்று கழலுவதில்லை. முன்பே அடையாளம் காட்டும். தினமும் காலையில் சுற்றி வந்து பாருங்கள்.

நட்டின் அடியிலிருந்து துரு கோடாக வழிந்திருக்கிறதா? நட்டைச் சுற்றிப் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறதா? நட்டு இல்லாமல் ஸ்டட் மொட்டையாக நிற்கிறதா? மெதுவாகப் போகும்போது "கிரீச்" என்றோ "டொக் டொக்" என்றோ சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஒரு ஸ்டட் ஒடிந்தால் அதன் இரு பக்கமும் உள்ள ஸ்டட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் பாரத்தை அவைதான் சுமந்திருக்கும். இரண்டோ அதற்கு மேலோ ஒடிந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுவது நல்லது. ஒடிந்த ஸ்டட்டை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது.

வெளிநாட்டிலும் இதே கவலை

பிரிட்டனில் நல்ல சாலைகள் உண்டு. அங்கும் கனரக வண்டிகளில் ஆண்டுக்கு 150 முதல் 400 சக்கரங்கள் வரை கழலுகின்றன என்று 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1995ஆம் ஆண்டில் லாரியிலிருந்து கழன்ற சக்கரம் மோதி உயிர்கள் போயின. 1997இல் அங்கே சட்டம் வந்தது. லாரிச் சக்கரம் கழன்றால் 50,000 டாலர் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொன்னது.

ஒரு குறிப்பேடு போதும்

நட்டை முடுக்கப் பலம் வேண்டும். அதைவிட, எப்போது முடுக்கினோம் என்ற நினைவு வேண்டும். நினைவு தவறும். எழுத்து தவறாது. வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். இப்படி எழுதுங்கள்:

தேதி: 12ஆம் தேதி, திங்கள்
சக்கரம்: பின்பக்கம், இடது
மீட்டரில் கிலோமீட்டர்: 48,210
முடுக்கிய அளவு: 60
மறுபடி பார்க்க வேண்டியது: 48,260
பார்த்தவர் கையெழுத்து:

டிரைவர் மாறினாலும் கிளீனர் மாறினாலும் குறிப்பேடு வண்டியிலேயே இருக்கும். அடுத்து வருபவர் படித்துத் தெரிந்துகொள்வார்.

விடை எழுதுங்கள்

1. நட்டை அளவுக்கு மேல் முடுக்கினால் ஸ்டட்டுக்கு என்ன ஆகும்?

2. கூம்பு நட்டுக்கு எண்ணெய் போடலாமா?

3. ஒன்றரை மீட்டர் ஸ்பானரின் முனையில் 40 கிலோ விசை கொடுத்தால் எத்தனை கிலோகிராம் மீட்டர்?

4. மீட்டர் 75,340 காட்டும்போது சக்கரம் மாற்றினார்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டைப் பார்க்க வேண்டும். அப்போது மீட்டர் என்ன காட்டும்?

5. உங்களுக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரரிடம் கேளுங்கள். அவர் வண்டியின் சக்கர நட்டுக்கு என்ன அளவு? கையேட்டைப் பார்த்து அவரோடு சேர்ந்து எழுதுங்கள்.