கசிவுநீரைக் கடுகிடம் கேளுங்கள்

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தாச்சு. இனி ஆள் கூடும், ஆளோட குப்பையும் கூடும். குப்பைமேட்டில் மழை பெய்தால் அடியில் கறுப்பாக ஒரு தண்ணீர் வடியுமே, அதுதான் லீச்சேட், தமிழில் கசிவுநீர். தரையில் தடுப்பு விரிப்பு இல்லாத கிடங்குன்னா அது மண்ணுக்குள்ள இறங்கி, பக்கத்துக் கிணறு வரைக்கும் போகலாம். சென்னைப் பெருங்குடிக் கிடங்கு வளர்ந்ததே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலதான். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த அதே சதுப்பு நிலம்!

கசிவுநீரை லேபுக்கு அனுப்பினா பிஓடி, சிஓடி, அம்மோனியான்னு எண்கள் வரும். சுத்திகரித்த கசிவுநீரை ஆறு, ஏரியில் விட, 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் சிஓடிக்கு லிட்டருக்கு 250 மி.கி., அம்மோனியா நைட்ரஜனுக்கு 50 மி.கி. என்று வரம்பு வைத்தன. ஆனா எல்லாம் ஒண்ணா கலந்து நிற்கும்போது ஒரு உயிர் என்ன பாடுபடும் என்பதை எண்கள் தனித்தனியாகச் சொல்லாது. விதை சொல்லும்.

வேண்டியது பெட்ரி தட்டு, வடிதாள், டிஸ்டில்டு வாட்டர், விதை. பச்சைப்பயறு பெரிய விதை. உள்ளேயே சாப்பாடு இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடுகு மாதிரி சின்ன விதை சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். விதைக்கடையில் ரோஸ் கலர் பூசி வருவது வேண்டாம், அது பூஞ்சைக்கொல்லி.

கசிவுநீரை 5, 10, 25, 50, 100 சதவீதமாகக் கலந்துக்கோங்க. வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு செட் கட்டாயம்; ஒப்பிட வேற வழியில்லை. தட்டுக்கு 10 விதை, ஒவ்வொரு கலவைக்கும் மூணு தட்டு. மூடி, 25 டிகிரி அளவில் இருட்டில் 72 மணி நேரம். கையுறை மறக்காதீங்க, மிச்சத்தை சிங்க்கில் ஊத்தாதீங்க.

பெரும்பாலானவர்கள் சறுக்குற இடம் இதுக்கப்புறம்தான்: முளைத்ததை மட்டும் எண்ணிட்டு எழுந்துடுவாங்க. விதைத்தோல் உள்ளே இருக்கும் கருவைக் கொஞ்சம் காப்பாத்தும். அடி வாங்குறது வெளியே வரும் வேர். அதனால ஸ்கேல் வைத்து வேரை அளங்க. ஒரு கற்பனைக் கணக்கு: நல்ல தண்ணீரில் 30-க்கு 27 முளைத்து, சராசரி வேர் 40 மி.மீ. 25 சதவீதக் கலவையில் 24 முளைத்து, வேர் 15 மி.மீ. முளைப்பு விகிதம் 0.89, பார்த்தா பரவாயில்லைன்னு தோணும். வேர் விகிதமோ 0.375. இரண்டையும் பெருக்கி நூறால் பெருக்கினா முளைப்புக் குறியீடு 33 தான். மட்கு உர ஆய்வில் 80-க்கு மேல் இருந்தால் நஞ்சில்லை, 50-க்குக் கீழே என்றால் கடும் நச்சு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

5 சதவீதத்தில் வேர் நல்ல தண்ணீரைவிட நீளமாக வந்தாலும் ஆச்சரியமில்லை. கசிவுநீரில் இருக்கும் நைட்ரஜன் குறைந்த அளவில் உரம் மாதிரி வேலை செய்யும். உடனே 'வயலுக்குப் பாய்ச்சலாம்'னு ரிப்போர்ட் எழுதிடாதீங்க. மூணு நாள் சோதனை, மண்ணில் வருஷக்கணக்கில் சேரும் உப்பையும் உலோகத்தையும் பார்ப்பதில்லை.

உப்புன்னதும் இன்னொண்ணு. கசிவுநீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதே அளவுக்குச் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஒரு செட் வையுங்க. அதிலும் வேர் அதே அளவு குட்டையானால் காரணம் பெரும்பாலும் உப்பு. கசிவுநீரில் மட்டும் இன்னும் குட்டையானால், அம்மோனியாவையும் உலோகங்களையும் தேடணும். கிடங்குக்கு மேட்டுப் பக்கக் கிணறு ஒண்ணு, பள்ளப் பக்கக் கிணறு ஒண்ணு, இரண்டிலிருந்தும் தண்ணீர் எடுத்து இதே தட்டுகளோட சேர்த்து வையுங்க.