நம் வீட்டில் ஓர் ஓவியப் பட்டறை



தஞ்சாவூர் ஓவியம் மராத்திய மன்னர்கள் காலத்தில் (1676–1855), சிறப்பாக இரண்டாம் சரபோஜி மன்னர் ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில், செழித்து வளர்ந்த கலை என்பதை வகுப்பில் படித்தோம். அந்தக் கலை பெரும்பாலும் வளர்ந்தது ஓவியர்களின் வீட்டுக் கூடங்களிலேதான். பலகையைத் தயாரிப்பவர் ஒருவர், கல் பதிப்பவர் ஒருவர், முகம் தீட்டுபவர் ஒருவர் என்று குடும்பத்தார் பலர் கூடிச் செய்த வேலை அது. ஆகவே விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் கூடி இதைக் கற்க விரும்பினால் அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டை அதற்கு ஏற்றபடி ஆயத்தம் செய்ய வேண்டும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்து வீடுகளில் உப்பே கசிந்துவிடும். பசை எப்படிக் காயும்? தை மாதம் வெயில் உண்டு. ஆனால் களத்துமேட்டுக்கு அருகில் வீடிருந்தால் அறுவடைத் தூசி முழுவதும் ஈரப் பலகையில்தான் வந்து படியும். பங்குனிக்குப் பிறகு, கோடை விடுமுறையே நல்லது.

அடுத்தது இடம். ஒருத்தி சம்மணமிட்டு அமர்ந்து, பலகையை மணைமேல் வைத்து, பக்கத்தில் வண்ணக் கிண்ணங்களையும் வைத்துக்கொள்ள 3 அடிக்கு 3 அடி வேண்டும். பன்னிரண்டு பேருக்கு 108 சதுர அடி. 18 அடி நீளம், 12 அடி அகலமுள்ள கூடத்தின் பரப்பு 216 சதுர அடி. பாதி இடம் நடமாட மிஞ்சும். அந்தப் பாதியை விட்டுக் கொடுக்காதீர்கள். கிண்ணத்தைக் காலால் தட்டிவிடுவதுதான் பட்டறைகளில் அடிக்கடி நேரும் விபத்து. கூடத்தில் பாட்டியின் கட்டிலோ சாய்வு நாற்காலியோ இருந்தால், அதை நகர்த்துமுன் பாட்டியிடம் அனுமதி கேளுங்கள். பாட்டிக்கு மனமில்லையென்றால் திண்ணையே போதும்.

வெளிச்சம் வடக்கிலிருந்து வந்தால் நாள் முழுவதும் அதிக மாற்றமின்றி இருக்கும். முற்றத்து வெளிச்சம் அப்படியன்று. வெயில் நகர நகர, காலையில் பச்சையாகத் தெரிந்த வண்ணம் மாலையில் வேறாகத் தெரியும். மரத்தடி நிழலும் அவ்வாறே ஏமாற்றும். ஆகையால் தோட்டத்தைப் பென்சில் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வண்ணம் தீட்டுவதை உள்ளே செய்யுங்கள். செம்பருத்தியும் வாழைப்பூவும் வரைந்து பழகக் காலை வேளை ஏற்றது. முன்னதாகப் புல்லைச் செதுக்கி, விறகுக் குவியலை அப்புறப்படுத்துங்கள். காவிரிப் பாசனக் கொல்லைகளில் பாம்பு இல்லாத கொல்லை அரிது. தென்னையின் கீழ் யாரையும் உட்கார வைக்காதீர்கள். வேம்பின் நிழல் நல்லது.

பலகைகளைப் பட்டறை தொடங்கும் அன்று செய்ய முற்படுவது பெரிய தவறு. முற்காலத்தில் பலா மரப் பலகை. இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதன்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டி, சுக்கான் மாவைக் கோந்துடன் குழைத்துப் பல பூச்சுகள் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு உச்சி வெயிலில் வைத்தால் பூச்சு வெடிக்கும், பலகை வளையும். நிழலில் காற்றாட வைப்பதே முறை. புளியங்கொட்டைப் பசைக்கு எறும்பு வரும் என்பதால், பலகைகளை வைக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. அது நஞ்சு. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். பசை காய்ச்சும் பாத்திரம் மீண்டும் சமையலறைக்குள் போகக் கூடாது. சிறு பிள்ளைகளை அருகில் விடக் கூடாது. கை கழுவிய நீரையும் தூரிகை அலசிய நீரையும் கிணற்றடியிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டக் கூடாது. ஒரு வாளியில் சேர்த்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைக் கிணற்றுக்கு எட்டத்தில், செடிகளில்லாத மூலையில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுக்கானைச் சாலகத்தில் விட்டால் அது அடைத்துக்கொள்ளும். உலர்த்திக் குப்பையோடு புதைத்துவிடலாம்.

தங்கத்தகடு ஒட்டும் நாளில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நான் முதன்முதலாக வீட்டில் இவ்வேலையைச் செய்தபோது, புழுக்கம் தாளாமல் யாரோ விசிறியைப் போட்டுவிட்டார்கள். நறுக்கி வைத்த 22 காரட் துண்டுகள் பறந்து, சில முற்றத்தில் விழுந்தன, சில அகப்படவே இல்லை. அன்றிலிருந்து சுவிட்சின்மேல் காகிதம் ஒட்டிவிடுகிறேன். புழுக்கத்துக்கு நீர்மோர் கொடுங்கள்.

மதிய உணவு எளிதாக இருக்கட்டும். புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில் போதும். ஆனால் உண்ணுமிடம் பின்கட்டாக இருக்கட்டும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் கோந்தும் ஒட்டாது, வண்ணமும் நில்லாது.

வீடும் தோட்டமும் பட்டறையுமாக ஓர் ஊரையே அமைத்தவர்கள் உண்டு. சென்னை அரசு கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவ ஓவியர்களுடன் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் கடலோர மணற்பரப்பை வாங்கி, வீடு கட்டி வாழ்ந்தார்கள். நம் ஊர்ப் பெண்களிலும் வீட்டுக் கூடத்தில் தீட்டிய படத்தை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் உண்டு. வேளாங்கண்ணி மாதாவின் உருவத்தையும் இம்முறையில் தீட்டுகிறார்கள்.

கடைசி நாள் மாலை பெருக்கும்போது துடைப்பத்தை உடனே எடுத்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொருத்தியும் தன் பாயை மெல்ல உதறி, உதிர்ந்த தகட்டுத் துணுக்குகளை ஈரத் தூரிகையால் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் சேர்க்கட்டும். அடுத்த படத்தின் மாலை மணிகளுக்கு அவை உதவும்.