மோட்டார் சைக்கிள் பந்தயம்: அன்றும் இன்றும்

முன்னுரை

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெற்றோர் வியக்கலாம். நாங்களும் முதலில் தயங்கினோம். ஆனால் இவ்வாண்டு அறிவியல் பாடத்தில் கணத்தாக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தோழி ஒருத்தி எழுந்து நின்றாள். "மிஸ், மோட்டோகிராஸ் வீரர்கள் மாடி உயரத்துக்கு வண்டியோடு தாவிக் கீழே வருகிறார்கள். விழுந்தாலும் பல முறை எழுந்து ஓட்டிப் போகிறார்கள். எங்கள் அண்ணன் சமமான தார்ச்சாலையில்தானே விழுந்தார்? அவருக்கு மட்டும் ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டாள்.

அவளுடைய அண்ணன் சென்ற ஆண்டு சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் நண்பரோடு போட்டி போட்டு வண்டி ஓட்டி விழுந்தவர். உயிர் பிழைத்தார். ஆனால் இன்றும் ஒரு சொல்லைத் தேடித் தேடித்தான் பேசுகிறார். வகுப்பே அமைதியாகிவிட்டது. "இதற்கு விடையை நீங்களே தேடி எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார் ஆசிரியை. அவ்வாறு தேடியதன் பயனே இக்கட்டுரை. தோழியின் ஒப்புதலோடுதான் எழுதுகிறோம்.

தொடக்க காலம்

கரடுமுரடான மண் தரையில், மேடு பள்ளங்களைத் தாண்டி ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயமே மோட்டோகிராஸ் ஆகும். இது இங்கிலாந்தில் பிறந்தது. 1924 மார்ச் 29 அன்று சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லி என்னும் ஊரின் புதர்க்காட்டில் முதல் பந்தயம் நடந்தது. அன்று இதற்கு 'ஸ்கிராம்பிள்' என்று பெயர். பிறகு பிரெஞ்சு, பெல்ஜியம் நாட்டினர் இதை ஏற்று 'மோட்டோகிராஸ்' என்றழைத்தனர். 1957 இல் 500 சி.சி. வண்டிகளுக்கு உலகப் பட்டம் ஏற்பட்டது. சுவீடனைச் சேர்ந்த பில் நில்சன் முதல் பட்டத்தை வென்றார்.

அக்காலத்தில் பந்தயத்துக்கென்று தனி வண்டி இல்லை. சாலையில் ஓடும் வண்டியின் விளக்கையும் வேண்டாத பாகங்களையும் கழற்றிவிட்டு, பற்கள் உள்ள டயரை மாட்டி ஓட்டினார்கள். அவை கனமான நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகள். நம் தாத்தாக்கள் ஓட்டிய புல்லட் வண்டியை நினைத்துக் கொண்டால் போதும். அந்தப் புல்லட்டும் இங்கிலாந்தில் பிறந்ததே. 1955 முதல் நம் சென்னையில் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் அதன் ஊராயிற்று. 160 கிலோவுக்கு மேற்பட்ட அத்தகைய வண்டியை மேட்டின்மேல் தாவ விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எஞ்சினில் வந்த மாற்றம்

நான்கு வீச்சு எஞ்சினில் அச்சு இரண்டு முறை சுற்றும்போது ஒரு முறைதான் எரிபொருள் எரிந்து விசை தரும். இரண்டு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் விசை கிடைக்கும். அதில் வால்வுகள் இல்லை. ஆகவே எடையும் குறைவு. 1964, 1965 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் நான்கு வீச்சு வண்டியில் 500 சி.சி. பட்டத்தை வென்றார். மறு ஆண்டே, 1966 இல், ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் செக் நாட்டு 'சி.இசட்.' இரண்டு வீச்சு வண்டியில் அப்பட்டத்தைப் பறித்துக்கொண்டார். அதன் பிறகு சுசூகி, யமஹா, ஹோண்டா, கவாசாகி ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் களத்தில் இறங்கின.

அக்காற்று நம் நாட்டிலும் வீசியது. மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி வண்டிகள் இரண்டு வீச்சு வகையைச் சேர்ந்தவை. 1984 இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசூகியும், 1985 இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் வந்தன. எடை குறைந்து, சட்டென்று சீறிப் பாயும் வண்டி சாதாரணக் குடும்பத்து இளைஞர் கைக்கும் எட்டியது.

இரண்டு வீச்சு எஞ்சின் புகை மிகுதியாகக் கக்கும். ஆதலால் 1990களின் இறுதியில் காற்று திரும்பவும் மாறியது. 1998 இல் யமஹா நிறுவனம் ஒய்.இசட். 400 எஃப் என்னும் நான்கு வீச்சு மோட்டோகிராஸ் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகப் போட்டியில் ஓடும் 450 சி.சி. வண்டியின் எடை ஏறத்தாழ 110 கிலோதான்.

அதிர்வு தாங்கியில் வந்த மாற்றம்

எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றிய மாற்றம் எஞ்சினில் இல்லை. அது அதிர்வு தாங்கியில், அதாவது ஷாக் அப்சார்பரில் உள்ளது. 1960களில் சக்கரம் மேலும் கீழும் அசையக் கிடைத்த தூரம் 10 சென்டிமீட்டர் அளவே. பெல்ஜியம் நாட்டுப் பொறியியலாளர் லூசியன் தில்கென்ஸ், பின்சக்கரத்துக்கு இரு புறமும் இருந்த இரண்டு தாங்கிகளுக்குப் பதிலாக இருக்கையின் அடியில் ஒரே நீண்ட தாங்கியை அமைத்தார். யமஹா நிறுவனம் அதை ஏற்றது. அவ்வண்டியை ஓட்டிய சுவீடனின் ஹாகன் ஆண்டர்சன் 1973 இல் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே இந்தத் தூரம் மளமளவென்று கூடியது. இன்று அது 30 சென்டிமீட்டர்.

இதனால் என்ன பயன்? உந்தம் மாறும் நேரம் கூடினால் விசை குறையும் என்பது நம் பாடம். ஆசிரியை உதவியுடன் ஒரு கணக்குப் போட்டோம். வண்டி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அதை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால், சராசரியாக அதன் எடையைப் போல் 16 மடங்கு விசை தேவை. 30 சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால் 6 மடங்கே போதும். வீரரின் முதுகெலும்பு தாங்குவதும் ஒடிவதும் இந்த 20 சென்டிமீட்டரில் இருக்கிறது!

பந்தயத் தளத்தில் வந்த மாற்றம்

தொடக்கத்தில் காடும் குன்றுமே பந்தயத் தளம். 1972 இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விளையாட்டரங்கில் மண்ணைக் கொட்டி மேடுகளை அமைத்துப் பந்தயம் நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே சூப்பர்கிராஸ். இன்று எந்தத் தளமானாலும் மேடுகளை அளந்து கட்டுகிறார்கள். மண்ணைக் கிளறி நீர் தெளிக்கிறார்கள். மேட்டுக்கு மேடு மஞ்சள் கொடியுடன் காவலர் நிற்பார். முன்னே ஒருவர் விழுந்தால் கொடி அசையும். பின்னால் வருபவர் தாவக் கூடாது. மருத்துவரும் ஊர்தியும் ஆயத்தமாக இருக்கும். எல்லாரும் ஒரே திசையில்தான் செல்வர்.

தார்ப்பாதைப் பந்தயத்திலும் இதே வளர்ச்சியைக் காணலாம். 1953 இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. நமது திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. நெடுங்காலம் தென்னாட்டின் பெரும் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அது விமானத்துக்காகப் போட்ட பாதை, பந்தயத்துக்காகப் போட்டதன்று. 1990 இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே வளைவு நெளிவுகளுடன் தளம் அமைக்கப்பட்டது.

மண் பந்தயத்தில் டயருக்குப் பெரும் பங்குண்டு. கட்டை கட்டையாகப் பற்கள் உள்ள இவ்வகையைக் கடைகளில் பட்டன் டயர் என்பர். நம் பக்கத்து அரக்கோணத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் எம்.ஆர்.எஃப். நிறுவனம் பல ஆண்டுகள் தேசிய சூப்பர்கிராஸ் போட்டிகளுக்குத் துணை நின்றது. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 1982 முதல் தனிப் பந்தயக் குழுவை வளர்த்து வருகிறது.

நம் நாட்டு வீரர்கள்

மண் தளத்தில் பழகிய நம்மவர்கள் இன்று பாலைவன நெடும் பந்தயங்களிலும் பெயர் பெற்றுள்ளனர். பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015 இல் டக்கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2021 இல் அதே பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்தார். மருத்துவத்தால் மீண்டு நாடு திரும்பினார். காற்றுப் பை பொருத்திய மேலங்கியை அப்பந்தயம் கட்டாயமாக்கியதும் அவ்வாண்டில்தான். கேரளத்து ஷொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 இல் டக்காரின் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பெற்றார்.

பெண்களும் பின்தங்கவில்லை. பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018 இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் காயமுற்றார். உடல் தேறி மீண்டும் வண்டியேறி, 2019 இல் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் வென்றார். மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஓர் ஆணல்லர், ஒரு பெண் என்பதை நாங்கள் பெருமையுடன் எழுதுகிறோம்.

தோழியின் கேள்விக்கு விடை

இவ்வரலாற்றில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வருகிறது. வேகம் கூடிய போதெல்லாம், விழுவதைத் தாங்கும் ஏற்பாடும் கூடவே வளர்ந்தது. வண்டிக்கு நீண்ட தாங்கி வந்தது. தரைக்கு மென்மண் வந்தது. மஞ்சள் கொடி வந்தது. காற்றுப் பை வந்தது. வீரர்கள் விழாதவர்கள் அல்லர். அவர்களும் எலும்பு முறிந்தவர்களே. ஆனால் விழுவோம் என்று முன்பே எண்ணி ஆயத்தமானவர்கள்.

நம் சாலைக்கு வந்தது என்ன? பந்தய வண்டியின் வேகம் மட்டும் வந்தது, மற்றவை வரவில்லை. நெடுஞ்சாலையில் எதிரே லாரி வரும். குறுக்கே ஆடு வரும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்து வரும் பக்தர்கள் இருப்பார்கள். மஞ்சள் கொடி காட்ட ஆளில்லை.

முன்பு போட்ட கணக்கையே தலைக்கும் போட்டுப் பார்த்தோம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தார்ச்சாலையில் மோதி 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டதாகக் கொள்வோம். தலையின் எடையைப் போல் ஏறத்தாழ 500 மடங்கு விசை தாக்கும். தலைக்கவசத்தின் உட்புறத் தெர்மாகோல் 3 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது ஏறத்தாழ 50 மடங்காகக் குறையும். பத்தில் ஒரு பங்கு! கரும்பலகையில் இவ்விரு எண்களையும் எழுதியபோது எங்கள் தோழி அழுதாள். அன்று அவளுடைய அண்ணனின் தலைக்கவசம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது.

முடிவுரை

மோட்டோகிராஸ் தீய விளையாட்டு என்று நாங்கள் சொல்லவில்லை. பொறுமை, பயிற்சி, அஞ்சாமை ஆகிய பண்புகளை அது வளர்க்கிறது. ஆர்வமுள்ளவர்கள் தளத்துக்குச் சென்று முறையாகப் பயிலட்டும். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம் என்பதும் அச்சட்டமே.

எங்கள் வகுப்பில் ஒரு முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் அப்பாவோ அண்ணனோ வண்டியை எடுக்கும்போது, ஆணியில் தொங்கும் தலைக்கவசத்தை எடுத்துக் கையில் கொடுப்பது எங்கள் வேலை. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சொன்னாலும் கொடுப்போம். பின்னால் உட்காரும்போது நாங்களும் அணிவோம். இறைவன் தந்த உயிரைக் காக்க அந்த 3 சென்டிமீட்டர் இடத்தையேனும் கொடுப்பது நம் கடமையல்லவா? எங்கள் தோழி அதை நாள்தோறும் செய்து வருகிறாள். இப்பொழுது அவள் கொடுப்பது அவளுடைய தம்பியின் கையில்.