செவலைக்கு ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் வீட்டுக் கடுவன் பூனை செவலைக்கு 11 வயது. காயடிக்கவில்லை. சில மாதங்களாக இளைத்துக்கொண்டே வருகிறான். சாப்பாடு முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, தண்ணீர் மட்டும் ஓயாமல் குடிக்கிறான். கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் வருவதே எங்கள் ஊர் வழியாகத்தான். பாதியை இவனே குடித்துவிடுவான் போலிருக்கிறது என்று அம்மா சிரிக்கிறார்கள். திருவள்ளூரில் ரத்தம் பார்த்ததில் கிரியாட்டினின் 2.4. சென்னைக்குப் போய் அல்ட்ராசவுண்ட் எடுங்கள் என்றார் டாக்டர். சிறுநீர்தான் தாராளமாகப் போகிறதே, கிட்னிக்கு என்ன குறை என்கிறார் மாமா. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வெல்டிங்கை ஒலி அலையால் சோதிக்கும் யூ.டி. (அல்ட்ராசோனிக் டெஸ்டிங்) பிரிவில் வேலை செய்கிறேன். இதுவும் அதே தத்துவம்தானே? அப்படியானால் அது கிட்னியைப் பற்றி எவ்வளவு சொல்லும்? ஊரிலேயே மனிதர்களுக்கான ஸ்கேன் சென்டரில் கேட்டுப் பார்க்கலாமா? மயக்க ஊசி போடுவார்களா? கதிர்வீச்சால் ஆபத்து உண்டா?
- ஒரு வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: மாமாவின் கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல பூனைகளின் வைத்தியம் தள்ளிப்போவதற்கு அதுதான் காரணம். சிறுநீரகத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது மட்டுமல்ல. கழிவைப் பிரித்துவிட்டு, உடலுக்கு வேண்டிய தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதும்தான். பாலைவனத்து மூதாதையிடமிருந்து வந்த பிராணி பூனை. கொஞ்சம் தண்ணீரில் காலம் தள்ளி, கெட்டியான சிறுநீர் கழிப்பது அதன் இயல்பு. அந்தத் திறன் போய்விட்டால் சிறுநீர் நீர்த்து, நிறையப் போகும். இழந்த தண்ணீரை ஈடுகட்ட ஓயாமல் குடிக்கும். தாராளமாகப் போவதுதான் இங்கே நோயின் அடையாளம். இதைப் பார்த்துவிட்டு யாராவது தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தால் செவலை சில நாளில் படுத்துவிடுவான். கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

அடுத்தது அந்த 2.4. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு கிரியாட்டினின். உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் அளவுகோலில் பூனைக்குக் கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை. 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. இரண்டு என்றதும் ஆரம்பக் கட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தத்தில் இந்த எண் ஏறத் தொடங்கும்போதே சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். பயந்துவிடவும் வேண்டாம். இரண்டாம் நிலையில் பிடிபட்டுச் சரியான தீனியோடும் மருந்தோடும் ஆண்டுக்கணக்கில் இருக்கும் பூனைகள் ஏராளம். உடலில் நீர் வற்றியிருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதால், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நிலையை முடிவு செய்வதில்லை. சில வாரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் யூ.டி. கேள்வி. அதே தத்துவமா என்கிறீர்கள். அதே கருவியிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம். கிளாஸ்கோவின் மகப்பேறுப் பேராசிரியர் இயான் டொனால்ட் 1955 ஜூலையில், அறுவையில் அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். பற்றவைப்பில் விரிசல் தேடும் அங்கிருந்த கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு கொடுத்தார்களாம். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் திண்மக் கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. 1958-இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்கேன் வளர்ந்தது. உங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், பெருமைப்படுவார்கள்.

வித்தியாசம் எண்களில்தான். எஃகில் ஒலி நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் ஓடுகிறது. சதையில் 1,540 மீட்டர். நீங்கள் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் வைப்பீர்கள். பூனைக்கு 10 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ வைக்கலாம். அலைவெண் கூடினால் ஆழம் குறையும், படம் நுணுக்கமாகும் என்பது உங்களுக்கே தெரியும். நாலு கிலோ உடம்பில் போக வேண்டிய ஆழமே சில சென்டிமீட்டர்தான். மனிதர்களின் வயிற்றில் கிடைக்காத தெளிவு பூனையின் வயிற்றில் கிடைப்பது அதனால்தான். இது வெறும் ஒலி, எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. பூனையின் காது சுமார் 64 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். ப்ரோப்பின் ஒலி அதைப்போல நூறு மடங்குக்கும் மேலே என்பதால் அதுவும் தொந்தரவு இல்லை. ப்ரோப்புக்கும் பரப்புக்கும் இடையே காற்று இருக்கக் கூடாது என்று நீங்கள் கிரீஸ் தடவுகிறீர்கள். இங்கே ஜெல். முடிக்குள்ளும் காற்று நிற்கும் என்பதால் வயிற்று முடியை மழித்துவிடுவார்கள். அது வளர மாதங்கள்கூட ஆகலாம், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு சொல்லும் என்பதற்கும் உங்கள் வேலையிலேயே பதில் இருக்கிறது. கொதிகலன் தகட்டில் விரிசல் இல்லை என்று யூ.டி. சொல்லும், அது மணிக்கு எத்தனை டன் நீராவி தருகிறது என்று சொல்லாது. ஸ்கேன் காட்டுவது சிறுநீரகத்தின் உருவத்தை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தமும் சிறுநீரும்தான் சொல்லும். எனவே செவலைக்கு ஸ்கேன் வேண்டும், ஆனால் அதோடு சிறுநீரும் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் அது இல்லை. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.035-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது என்று பொருள். கீழே இருந்தால் உங்கள் டாக்டரின் சந்தேகம் வலுக்கும். அதே சாம்பிளில் புரதமும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். நீரிழிவு வந்த பூனையும் இப்படித்தான் குடிக்கும், இளைக்கும். இந்த வயதில் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் எடை குறையும்; அது சிறுநீரகக் கோளாறை ரத்தப் பரிசோதனையில் மறைத்தும் விடும். ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் கூடி ஒரே இரவில் பார்வை போன பூனைகள் உண்டு.

ஸ்கேனில் தேட வேண்டியது ஒரு கேள்விக்கான விடையை: இந்தச் சிறுநீரகம் ஏன் கெட்டது? பூனையின் சிறுநீரகம் பொதுவாக 3 முதல் 4.5 சென்டிமீட்டர் நீளம். இரண்டும் சுருங்கி, ஓரம் மேடுபள்ளமாக, உள்ளடுக்கும் வெளியடுக்கும் பிரித்தறிய முடியாதபடி இருந்தால் நாள்பட்ட தேய்மானம். அப்படி வந்தால் உண்மையைச் சொல்கிறேன், வைத்தியம் பெரிதாக மாறப்போவதில்லை. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்து, பெரியதன் நடுவே நீர் தேங்கியிருந்தால் கதையே வேறு. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம், அதைச் சரிசெய்ய வழி உண்டு. இரண்டும் வீங்கியிருந்தால் லிம்போமா என்ற புற்றுநோயை நினைக்க வேண்டும். ஊசியால் செல் எடுத்துத்தான் உறுதி செய்ய முடியும். உள்ளே நீர்க்குமிழிகள் நிறைய இருந்தால் பரம்பரை நோய். பாரசீகப் பூனைகளிடம் அது அதிகம், அதற்கான மரபணுப் பிழையை 2004-இல் கண்டுபிடித்தார்கள். நாட்டுப் பூனையான செவலைக்கு அதற்கு வாய்ப்பு குறைவு.

ரிப்போர்ட்டில் வெளியடுக்கு கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் உடனே கலங்காதீர்கள். காயடிக்காத கடுவன்களின் சிறுநீரகத்தில் கொழுப்பு சேர்ந்து, ஆரோக்கியமானதும் அப்படித் தெரிவது வழக்கம். மனிதர்களின் ஸ்கேன் சென்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பூனையின் பித்தப்பை இரண்டாகப் பிளந்திருப்பதும் சாதாரணம்; மனித வயிற்றை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கோளாறாகத் தெரியும். தவிர, விலங்குக்கு மருத்துவம் பார்க்க 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த டாக்டரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

வயிற்றைப் பார்க்கும்போதே கல்லீரல், குடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார்கள். குடல் சுவர் தடித்திருப்பது தெரியும், அது அழற்சியா புற்றா என்பது ஸ்கேனில் முடிவாகாது. நுரையீரல் காற்று நிறைந்தது, அங்கே எக்ஸ்ரேதான்.

எங்கே போவது? சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நீங்கள் பெரியபாளையம், செங்குன்றம் வழியாகத்தான் போவீர்கள். காலையிலேயே கிளம்புங்கள். வெயிலில் மூடிய கூடைக்குள் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது களைப்பு அல்ல, அவசரம். காற்றோட்டமான கூடையில் வீட்டுத் துணியைப் போட்டு, மேலே மெல்லிய துண்டு மூடினால் நாய்ச் சத்தத்துக்கு மிரளாது. முதல் நாள் இரவிலிருந்து எட்டு மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் படம் தெளிவாக வரும். ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியால் சிறுநீரும் எடுத்துவிடலாம், அந்தச் சோதனையும் அதே பயணத்தில் முடியும். பெரும்பாலான பூனைகளுக்கு மயக்க ஊசி தேவைப்படாது. கடிக்கிற ஆசாமி என்றால் முதலிலேயே சொல்லுங்கள், லேசாக அமைதிப்படுத்த மருந்து உண்டு.

ஒன்றுக்கு மட்டும் ஸ்கேன் தேதிவரை காத்திருக்கக் கூடாது. கடுவன் முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் அடைப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஸ்கேன் எடுக்கும்வரை கருவாட்டை நிறுத்துங்கள், உப்பு அதிகம். மீனைக் கொடுக்கலாம். சிறுநீரகத் தீனிக்கு மாற்றுவதை டாக்டர் சொன்ன பிறகு, சில வாரத்தில் மெல்லச் செய்யுங்கள். சோர்ந்து படுத்திருக்கிறானே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.