கல்லறை மண்: மயிலைத் தோமையார் வழக்காறுகளில் ஒரு கூறு

சாந்தோம் கல்லறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தோமையார் மயிலாப்பூருக்கு வந்தாரா என்னும் வினாவிலேயே நின்றுவிடுகின்றன. விடை எதுவாயினும், அக்கல்லறையைச் சுற்றி வளர்ந்த வழக்காறுகள் தனித்து ஆராயத்தக்கன. அவற்றுள் மண் பற்றிய கூறு ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் ‘தோமாவின் பணிகள்’ என்னும் சிரிய மொழி நூலிலேயே இக்கூறு உண்டு. பேய் பிடித்த தன் மகனைக் குணப்படுத்த வேண்டி அரசன் மஸ்தை கல்லறையைத் திறக்கிறான். எலும்புகள் முன்னரே மேற்றிசைக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டன. அவை கிடந்த இடத்துப் புழுதியை மகன்மீது இட, நோய் நீங்குகிறது. (அந்நூல் மயிலாப்பூரைப் பெயர் சுட்டுவதில்லை என்பதை மறத்தலாகாது.)

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பில் இக்கூறு இடம் மாறுகிறது. புனிதர் உயிர் நீத்த இடத்துச் செம்மண்ணைத் திருப்பயணிகள் எடுத்துச்சென்று முறைக்காய்ச்சல் கண்டோர்க்குக் கொடுப்பர் என்கிறார் அவர். ஆக, இம்மண் கல்லறைக்கு உரியதன்று. இறப்பு நிகழ்ந்த இடத்துக்கு உரியது. இறந்த முறையும் வேறுபடுகிறது. சிரிய நூலில் அரசனின் வீரர்கள் ஈட்டியால் குத்திக் கொல்கின்றனர்; போலோ கேட்ட கதையிலோ மயில் வேட்டையாடியவனின் அம்பு தவறிப் பாய்கிறது.

1523இல் போர்த்துகீசியர் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகள், ஈட்டிமுனை, மண் நிறைந்த கலம் ஆகியன கிடைத்தனவாகச் சான்றுரைத்தனர். குருதி தோய்ந்த மண் என்பது அவர்தம் விளக்கம். அச்சான்றின் வரலாற்று மதிப்பு ஒருபுறம் இருக்க, வழக்காற்று நிலையில் அது நுட்பமானது. ஈட்டி சிரிய நூலின் கதையை உறுதிசெய்கிறது. கலமோ இறந்த இடத்து மண்ணைக் கல்லறைக்குள் கொண்டுசேர்க்கிறது. பிரிந்திருந்த இரு மரபுகள் ஒரே குழிக்குள் இணைகின்றன.

மூலக்கோயிலின் பிடிமண் எடுத்துப் புதுக்கோயில் எழுப்பும் நாட்டார் வழக்கோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆயினும் பிடிமண் தெய்வத்தைப் பெயர்த்து நிலைநிறுத்துவது. கல்லறை மண்ணோ உடலுக்குள் செல்லும் மருந்து. அவ்வகையில் அது திருநீற்றுக்கே நெருக்கமானது.

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்கு அங்கு முறையான கல்லறை அமையவில்லை. அவர் குருதியால் சிவந்ததாக மக்கள் நம்பும் மணல்மேடே கல்லறையின் இடத்தில் நிற்கிறது. அம்மணலையே இன்றும் சமய வேறுபாடின்றி மடியில் முடிந்து செல்கின்றனர்.