சிப்பியில் ஒரு சுடர்

தூத்துக்குடிக் கடற்கரையில் அலைகள் சிப்பிகளை ஒதுக்குகின்றன. ஒவ்வொரு சிப்பியும் முன்பு ஓர் உயிரின் வீடாக இருந்தது. ஆதலின், உயிர் நீங்கிய வெற்றுச் சிப்பியையே எடுத்தல் வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த அத்தகைய சிப்பி வீட்டில் இருந்தால், அதில் மெழுகுவர்த்தி செய்யலாம்.

செய்முறை

குழிந்த சிப்பியைக் கழுவி, ஈரம் போக வெயிலில் உலர்த்துக. மணல் பரப்பிய தட்டில் அதனை அசையாமல் வைக்க. எரிந்து எஞ்சிய மெழுகுத் துண்டுகளைக் கிண்ணத்தில் இடுக. அக்கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்துப் பெரியவர் ஒருவர் உருக்குதல் வேண்டும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தால், சூடு மிகுந்து தீப்பற்றக்கூடும். கொதிக்கும் நீரின் வெப்பமோ 100 பாகை அளவிலேயே நின்றுவிடும். மெழுகு உருக அதுவே போதும். எரியும் மெழுகில் நீர் ஊற்றினால் தீ சீறிப் பரவும். ஆகவே அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுதல் வேண்டும்.

சிப்பியின் நடுவே பருத்தித் திரியை நிறுத்தி, உருகிய மெழுகைப் பெரியவர் மெல்ல ஊற்றுவார். இறுகியபின் திரியின் நுனியைக் குறுக வெட்டுக. மின்சாரம் நின்ற இரவில், உயிர் நீங்கிய சிப்பி வீட்டிற்கு ஒளி தரும்.

சொற்பொருள்: எஞ்சிய – மீந்த, இறுகுதல் – கெட்டியாதல்.

பயிற்சி
1. வெற்றுச் சிப்பியை மட்டும் எடுப்பது ஏன்?
2. பிரித்து எழுதுக: வெந்நீர்.