மீனின் விதைநெல்

விளைச்சல் பொய்த்தால் ஒரு போகம் நட்டம். விதைநெல் கெட்டால் வரும் போகமும் நட்டம். கமக்காரருக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆற்றில் பார உலோகங்கள் கலக்கும்போது மீனுக்கும் இவ்விரு நட்டங்களும் நேர்கின்றன.

ஈயம், கட்மியம், இரசம், குரோமியம் போன்றவை சுரங்கங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஆற்றை அடைகின்றன. இலைகுழைபோல் இவை உக்கிப்போவதில்லை; அடிச்சேற்றில் தங்கிவிடும். மீனின் பூக்கள் (செவுள்) வழியாகவும் இரை வழியாகவும் உடலுக்குள் புகும்.

ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் டீ.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உண்டு. உடல் எவ்வாறு அமையவேண்டும், எவ்வாறு இயங்கவேண்டும் என்ற கட்டளைகள் அதிலேயே உள்ளன. இதுவே உயிரின் விதைநெல். உலோகங்கள் கலத்தினுள் தாக்குந்தன்மை மிக்க ஒட்சிசனை உண்டாக்க, அது இவ்விழையை அறுக்கிறது. அறுந்ததைத் திருத்தும் புரதங்கள் கலத்திலேயே உண்டு. கட்மியமோ அவற்றின் வேலையையும் தடுத்துவிடுகிறது.

மனிதரின் செங்குருதிக் கலத்தில் கரு இல்லை. மீனின் செங்குருதிக் கலத்தில் உண்டு. ஆகவே ஒரு துளி மீன் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கருவுக்கு அருகே காணப்படும் சிறு துண்டுகள் கேட்டைக் காட்டிக்கொடுக்கும். வெளிப்பார்வைக்கு அந்த மீன் நன்றாகவே நீந்திக்கொண்டிருக்கலாம். முட்டையிலோ விந்திலோ இக்கேடு நேர்ந்தால், குஞ்சு பொரியாமற் போகலாம், ஊனமாகவும் பிறக்கலாம்.

1998 ஏப்பிரல் 25ஆம் திகதி, ஸ்பெயின் நாட்டின் தெற்கே அஸ்னால்கோயார் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. நஞ்சுச் சேறு குவாதியமார் ஆற்றில் பாய்ந்தது. பல தொன் மீன்கள் இறந்தன. 4,000 ஹெக்டேயருக்கும் அதிகமான நிலம் பாதிக்கப்பட்டது. அங்கே பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டு, காணிகளை அரசு வாங்கிக்கொண்டது. அவ்வாண்டே சேற்றின் பெரும்பகுதியை அள்ளி அகற்றினார்கள். ஆயினும் 1999இல், அப்பகுதியில் மீனும் நண்டும் தின்னும் வெண்நாரைகளின் குஞ்சுகளைச் சோதித்தபோது, அவற்றின் இரத்தக் கலங்களில் டீ.என்.ஏ. கூடுதலாகச் சிதைந்திருந்தது. சேறு பாய்ந்த நாளில் அக்குஞ்சுகள் பிறந்திருக்கவே இல்லை.

எனவே தண்ணீர் தெளிந்துவிட்டது, மீன் துள்ளுகிறது என்பதை மட்டும் வைத்து ஓர் ஆற்றையோ குளத்தையோ நம்பிவிடலாகாது. மீனைக் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உலோகம் அழியாது. புதிய இடத்தில் குடியேறுவோர், மேற்புறத்திலிருந்து நீரில் என்ன கலக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். பழைய வாகன பற்றரிகளை நீர்நிலைகளுக்கு அருகே உடைக்கவோ கொட்டவோ விடாதீர்கள். அவற்றில் ஈயம் உண்டு.

கலந்துரையாடுவதற்கு: நமது குளத்துக்கு அல்லது ஆற்றுக்கு எங்கிருந்தெல்லாம் கழிவுகள் வருகின்றன? அவற்றுள் எதை நாமே இந்த மாதத்தில் நிறுத்தலாம்?